ஓர் அண்டாவும் ஓர் அடிக்குறிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குற்றவியல் சட்டத்துக்கு உரை எழுதிய ஒருவருக்காக நான் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதில், ஈப்போ பழைய டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் மூத்த குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மற்றவர்கள் பெயரையும் எழுதவில்லை. அலுவலகத்தில் இத்தனை வருடம் பழகிய கை, பெயர்களை வெளியே கொண்டுவராது.

எங்கள் அலுவலகத்தின் பின் அறையில் சுவர் முழுக்க ஒரு அலமாரி. இப்போதைய வக்கீலின் பெரியப்பா காலத்துப் புத்தகங்கள் அதில் இருந்தன. சுவர் ஈரம் குடித்து, கீழ்த்தட்டில் கரையான் ஏறிவிட்டது. “எல்லாத்தையும் லிஸ்ட் போட்ருங்க அக்கா. வேணுங்கிறவங்களுக்குக் குடுத்துட்டு எடத்தக் காலி பண்ணுவோம்” என்றார் வக்கீல். நான் துணியும் அடிக்கோலும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள், ஒரே தலைப்பில், ஒரே ஆசிரியருடைய மூன்று தடிப் புத்தகங்கள் கிடைத்தன. பட்டியலில் ‘மூன்று பிரதிகள்’ என்று எழுதிவிட்டேன். பிறகு சரிபார்த்தபோது அவை பிரதிகள் அல்ல, பதிப்புகள். முதல், இரண்டாம், மூன்றாம் பதிப்பு. எழுதியதை அடித்துத் திருத்தினேன். என் நோட்டில் அடித்தல் விழுவது அபூர்வம். அந்த எரிச்சலில்தான் முதல் முன்னுரையைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் முன்னுரை நான்கு பக்கம். எழுதியவர் ஓர் இளம் வெள்ளைக்காரர். சென்னைப் பட்டணத்தில் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரே வாக்கியத்தில் இலக்கணம் சொல்லியிருப்பதாகவும், இனி எந்த நீதிபதியும் தயங்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட இளம் வக்கீல்களை வருடத்துக்கு இரண்டு பேராவது எங்கள் படியில் ஏறி வரப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முன்னுரை இரண்டு பக்கம். இடையில் அவர் ஒரு மாவட்டத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். தன் புத்தகத்தில் இடமில்லாத மனிதர்கள் தினமும் கூண்டில் வந்து நின்றதாகச் சொல்கிறார். கடைசி வரியில் தன்னுடைய நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்கிறார். அந்த வரியை நான் எழுந்து நின்று மறுபடியும் படித்தேன். சட்டப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி! குமாஸ்தாக்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கோப்பு தூக்குகிறவர்கள் என்று எங்கள் வர்க்கத்தில் ஒருவர், நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கத்தில் மரியாதையோடு இருந்திருக்கிறார்.

மூன்றாம் முன்னுரை அரைப் பக்கம். கண் பார்வை மங்கிவிட்டது. அச்சுத் தாள்களைத் தங்கை வாசித்துக் காட்டினாள். தவறுகள் இருந்தால் அவை என்னுடையவை. அவ்வளவுதான்.

நான்கு பக்கம், இரண்டு பக்கம், அரைப் பக்கம். ஒரு மனிதர் வருடம் ஏற ஏறக் குறைவாகப் பேசுகிறார். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்று பதிப்புகளையும் மேசையில் விரித்து, திருட்டு பற்றிய அத்தியாயத்தை வரிவரியாக ஒப்பிட்டேன். மாறாத வரிக்கு நீல மை, மாறியதற்குச் சிவப்பு. முதல் வாரம் என் நோட்டு நீலமாகவே இருந்தது. இரண்டாம் வாரம் சிவப்பு கூடியது. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அவர் பேச்சுதான். என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அவருக்கும் ஒரு தட்டு வைக்கட்டா? தினமும் வாராரே” என்றார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, ஒன்று இருபதுக்கு, அடிக்குறிப்பைக் கண்டுபிடித்தேன். முதல் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. மூன்றாம் பதிப்பில் மட்டும், பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில். நீதிபதியாக இருந்தபோது ஒரு ஆள் ஏரியில் கோரை வெட்டியதாக அவர்முன் நிறுத்தப்பட்டிருக்கிறான். வெட்டினாயா என்று கேட்டதும் ஆமாம் என்றிருக்கிறான். உடனே தண்டனை. பல மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அந்தக் குடியிருப்பே வருடந்தோறும் அந்த ஏரியில் கோரை வெட்டி வந்திருக்கிறது, யாரும் தடுத்ததில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் தெரியவந்திருக்கிறது. அந்த ஆளின் கை செய்ததை மட்டும் கேட்டேன், அவன் மனதில் இருந்ததைக் கேட்கவில்லை, என் புத்தகம் அதைக் கேட்கச் சொல்லவில்லை என்று எழுதுகிறார். அதற்கு மேலே, இளமையில் அவ்வளவு பெருமைப்பட்ட அந்த ஒற்றை வாக்கிய இலக்கணத்தை எடுத்துவிட்டு, ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வக்கீல் அறைக்கு நோட்டோடு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அக்கா, இது நம்ம சட்டத்துலேயே இருக்கு. நேர்மையில்லாத நோக்கம் இல்லேன்னா திருட்டு இல்ல. மொத வருஷமே படிச்சிட்டோம்லா.”

“நீங்க படிச்சீங்க. இவரு தப்புப் பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காரு” என்றேன். வக்கீலுக்கு வித்தியாசம் புரியவில்லை. பரவாயில்லை என்று என் மேசைக்குத் திரும்பினேன். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினேன்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு ஒரு கட்சிக்காரர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கோப்பெங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, லயம் என்கிற வரிசை வீடுகளைக் காலி செய்து, எல்லோரும் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டார்கள். அவர்மேல் திருட்டுக் குற்றச்சாட்டு; ஜாமீனில் வெளியே இருந்தார். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் வாசிக்கப்போகிறார்கள்.

திருட்டுப் பொருள் ஒரு பித்தளை அண்டா. நூறு பேருக்குக் கூழ் காய்ச்சலாம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். லயத்துக்குப் பொதுவான பாத்திரம் அது. கல்யாணம், கருமாதி, திருவிழா எதுவானாலும் வேண்டியவர் எடுத்துப்போய், தேய்த்துக் கழுவித் திரும்ப வைப்பார். அடுக்குமாடியில் வைக்க இடம் கிடையாது. அதனால் தோட்டத்துப் பழைய சாமான் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நிலத்தை வாங்கிய நிறுவனம் வேலி போட்டு ஒரு நேப்பாளக் காவலரை நிறுத்தியது. ஆடி மாதக் கூழுக்காக, ஒரு சனிக்கிழமை காலை இவர் வேனைக் கொண்டுபோய் அண்டாவை எடுத்து வந்துவிட்டார். பூட்டை உடைக்கவில்லை. சாவி எப்போதும்போல் நிலைக்கு மேலே இருந்திருக்கிறது.

“காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன்கிட்ட சொல்லலியா?” என்று வக்கீல் கேட்டார்.

“சொல்றதா? அவன்தான் அந்தப் பக்கம் புடிச்சித் தூக்கி விட்டான் சார். கனமா இருக்குன்னு என்னைத் திட்டுனான்.”

“போலீஸ் எப்ப வந்துச்சி?”

“மறுநாளு. கம்பெனிக்காரங்க புகார் குடுத்துட்டாங்களாம். கூழு கொதிச்சிக்கிட்டு இருக்கு. முடியட்டும்னு அவரே நின்னாரு. ஒரு கிளாஸ் குடுத்தோம். குடிச்சிட்டு, நல்லாருக்குன்னாரு. அப்பறம் அண்டாவையும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.”

எங்கள் வக்கீல் சிரிக்காமல் இருக்கப் பேனாவைக் கடித்தார். பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கேட்போம் என்று சொன்னார். வேன் ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“வேணாம் சார். நா ஒத்துக்கிறேன். எங்க அப்பா காலத்துல வேல மேய்க்கிற மண்டோரு புகார் சொன்னா, தொரை முன்னாடி போயி ஆமா தொரைன்னா முடிஞ்சிது. இல்லன்னு நின்னவன்தான் வேலைய வுட்டுப் போவான். வியாழக்கெழமையும் பன்னெண்டரைக்குப் புள்ளைங்கள ஏத்தணும். ரோட்டுல போடுற சமன் அபராதம் மாதிரி கட்டிட்டு ஓடிர்றேன்.”

“இது சமன் இல்லண்ணே. திருட்டுன்னு பதிவாயிடும். பள்ளி வேன் ஓட்ட அடுத்த தடவ அனுமதி கேக்கும்போது அதத்தான் மொதல்ல பாப்பாங்க.”

அவர் முகம் வெளுத்தது. இருபது பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவர் வாழ்க்கை. அந்த அனுமதி போனால் வேன் வெறும் இரும்பு. ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: “எடுத்தது நெசம் சார். எடுக்கலன்னு கோர்ட்டுல நின்னு எப்படிப் பொய் சொல்றது? அதுவும் அம்மனுக்குக் கூழு காச்ச எடுத்தது.”

வக்கீல் மூன்று விதமாக விளக்கிப் பார்த்தார். அவருக்குத் தைப்பிங்கில் பன்னிரண்டு மணிக்கு வேறு வழக்கு. கோட்டை மாட்டிக்கொண்டே என் மேசைப் பக்கம் குனிந்தார். “அக்கா, சட்டம் எதுவும் சொல்லிடாதீங்க, அது உங்க வேலையில்ல. அந்த வெள்ளக்காரரு கதைய வேணா சொல்லுங்க.” பாதி கேலிதான். ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வேன் ஓட்டுநருக்கு ஒரு கோப்பி வரவழைத்தேன். மூன்று புத்தகங்களையும் முன்னால் வைத்து, முதல் முன்னுரையின் கர்வத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பாளரிடம் வந்ததும் அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். கோரை வெட்டியவனிடம் வந்ததும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த ஆளும் ஆமான்னுட்டானா?”

“ஆமான்னுட்டான். வெட்டுனது நெசம்தானே. ஆனா நீதிபதி கேட்டது வெட்டுனியான்னு மட்டும். கேக்க வேண்டியது, அடுத்தவங்களோடது, எனக்கு உரிமை இல்லன்னு தெரிஞ்சே வெட்டுனியான்னு. ரெண்டும் சேந்தாத்தான் திருட்டு. பின்னாடி அவரே எழுதியிருக்காரு, நான் பாதிக் கேள்விதான் கேட்டேன்னு.”

“அப்பறம் அந்த ஆளுக்கு என்னாச்சி?”

“தெரியாது. புத்தகத்துல இல்ல.”

அவர் வெகு நேரம் அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. பிறகு கேட்டார்: “சரிக்கா. என் மனசுல இருந்தத நான் சொன்னா, யாரு நம்புவா?”

அதற்கும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் பதில் இருந்தது. மனதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் அது நடந்த இடத்தில் தடம் விட்டுப் போகும். ஒளிந்து எடுத்தானா, ஊர் பார்க்க எடுத்தானா? எடுத்த இடத்தை எப்படி விட்டுப் போனான்? இந்தக் கேள்விகளைக் கேளுங்கள் என்கிறார். எடுத்த இடம்! கைதுக்குப் பிறகு நிறுவனம் இவருக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தின் பின்னால் நான்கு புகைப்படங்கள் இருந்தன. காலையில் கோப்பில் துளையிட்டுச் சேர்க்கும்போது மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

மூன்றாவது படத்தில் சாமான் அறையின் சிமெண்ட் மேடை. அண்டா இருந்த இடத்தில் வட்டமான கறை. வட்டத்துக்கு நடுவே ஒரு காய்ந்த இலை. காற்றில் வந்து விழுந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இலையின் காம்புமேல் ஒரு கல் இருந்தது. காற்றில் வந்த இலை கல்லுக்கு அடியில் போய்ப் படுக்காது. இலைமேல் மூன்று உருண்டைகள் தெரிந்தன.

“அண்ணே, இது என்ன?”

அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். “வெத்தல பாக்கு.”

“யாரு வச்சது?”

“நாந்தான். அண்டாவ எடுத்தா வெக்கணும்ல. அடுத்து வாரவங்க வெறும் மேடையப் பாத்துப் பயந்துருவாங்க. வெத்தல இருந்தா, லயத்து ஆளு விசேசத்துக்கு எடுத்துருக்காங்கன்னு அர்த்தம்.”

“மூணு பாக்கு?”

“மூணு நாளு. மூணாம் நாளு திரும்பி வந்துரும். கல்யாணம்னா அஞ்சு வெப்போம்.”

நான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். “இத ஏன் போலீஸ்ல சொல்லல? லாயர்கிட்ட ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலயேக்கா” என்றார். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

எனக்குத் தெரியாது. என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தோட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவே பத்து மைல் இருந்தது, ஆனால் அவர்கள் அண்டா எங்கே இருக்கும் என்றுகூட நாங்கள் அறிந்ததில்லை. நாற்பத்தைந்து வருடம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்குள் வாழ்ந்தவருக்கு, அது தெரியாத மனிதர்களும் உண்டு என்பது தோன்றவேயில்லை.

ஆனால் அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதையும் எழுத மாட்டேன். அவரை அப்படியே உட்காரச் சொல்லி, யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று கைப்பேசியை மேசையில் வைக்கச் சொன்னேன். அந்த லயத்தில் இருந்த நான்கு பேரின் எண்களை வாங்கினேன். ஒருவர் இப்போது கமுந்திங்கில், ஒருவர் பாரிட் புந்தாரில், இரண்டு பேர் அதே அடுக்குமாடியில். நான்கு பேரிடமும் வழக்கைப் பற்றிச் சொல்லாமல் ஒரே கேள்வியைக் கேட்டேன்: லயத்து அண்டாவை எடுத்தவர் மேடையில் வெற்றிலைமேல் மூன்று பாக்கு வைத்திருந்தால் என்ன பொருள்?

முதல் ஆள்: “மூணு நாளு.”

இரண்டாம் ஆள்: “மூணு நாள்ல வந்துரும். யாரு கேக்குறது?”

மூன்றாம் ஆள் ஒரு பெண்மணி. “ஏன், அண்டா வேணுமா ஒங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு மூன்று நாள் என்றார்.

பாரிட் புந்தார்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “இதுகூடத் தெரியாதா? நீங்க எந்த எஸ்டேட்டு?” நான் எஸ்டேட் இல்லை, ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றேன். “அதான பாத்தேன்! மூணு நாளும்மா, மூணு நாளு. நாலாம் நாளு வரலன்னா வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடுவோம்.”

நான்கு பதில், நான்கு நேரம், நான்கு பெயர். எல்லாவற்றையும் எழுதிக் கோடு போட்டேன். எதிரே வேன் ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, நீங்க ஏன் இவ்ளோ சந்தோசப்படுறீங்க? கேசு எனக்கு.”  தைப்பிங்குக்குப் போன் போட்டேன். வக்கீல் நீதிமன்ற வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.  பிறகு, “அந்தப் படத்தைத் தொடாதீங்க அக்கா. யாரையும் தொட விடாதீங்க” என்றார். அவர் குரலும் ஏறியிருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு நாங்கள் உள்ளே போனோம். எங்களுக்கு முன்னால் ஆறு வழக்குகள். அதில் நான்கு பேர் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவர் ஒப்புக்கொள்ளும்போதும் வேன் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒப்புக்கொண்டால் எவ்வளவு சுலபம் என்று அவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை முழுக்க வக்கீல் அவரிடம் பேசியிருந்தார். சரி சார், சரி சார் என்றுதான் சொன்னார். தோட்டத்துக்காரர்களின் ‘சரி சார்’ எதற்கும் உறுதி இல்லை என்று அதற்குள் நான் கற்றிருந்தேன்.

பத்து நாற்பதுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மலாயில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர், கழுத்தில் கண்ணாடி தொங்கும் நிதானமான பெண்மணி, தமிழில் சொன்னார். இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்த அண்டாவைத் திருடினீர்கள். ஒப்புக்கொள்கிறீர்களா?

அவர் வாய் திறக்கவில்லை. கை இரண்டும் முன்னால் கோத்திருந்தன. ஒரு தொரையின் முன்னால் அவர் அப்பா அப்படித்தான் நின்றிருப்பார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நீதிபதி, இளம் பெண், நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்டார்.

“அண்டாவ எடுத்தேங்கம்மா” என்றார் அவர். எங்கள் வக்கீலின் தோள் இறுகியது. “எங்க அண்டான்னு நெனச்சித்தான் எடுத்தேன். கூழு காச்சிட்டு மூணாம் நாளு வெக்கணும்னு எடுத்தேன். வெத்தல பாக்கு வச்சிட்டுத்தான் எடுத்தேன். திருடல.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்கூட விடாமல் மலாயில் சொன்னார். வெற்றிலை பாக்கையும் விடவில்லை. ‘எடுத்தேன்’ என்றதோடு நிறுத்தி ‘ஒப்புக்கொள்கிறார்’ என்று சுருக்கியிருக்கலாம், சுருக்கவில்லை. அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீதிபதி எழுதினார்: குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை கோருகிறார். அடுத்த தவணை குறிக்கப்பட்டது. வேன் ஓட்டுநர் வெளியே வந்து தூணில் சாய்ந்து, “பொய் சொல்லலல்ல?” என்று கேட்டார். “ஒரு சொல்கூட இல்லண்ணே” என்றார் வக்கீல்.

அடுத்த தவணைக்குள் வக்கீல் அரசுத் தரப்புக்குக் கடிதம் எழுதினார். பெரிதாக்கிய மூன்றாம் படம், நான்கு பேரின் சத்தியப் பிரமாணம், தூக்கிவிட்ட காவலரின் வாக்குமூலம் எல்லாம் இணைப்பு. கோப்பைக் கட்டியவள் நான். பக்க எண் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரரை எங்கும் மேற்கோள் காட்டவில்லை. இன்றைய சட்டமே போதும் என்றார் வக்கீல். அது சரிதான். தன் பெயர் வராமலே தன் வேலை நடப்பதில் அந்த அரைப் பக்க முன்னுரைக்காரருக்கு வருத்தம் இருந்திருக்காது.

தவணை நாளில் அரசுத் தரப்பு குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. நீதிபதி அவரை விடுதலை செய்தார். நிறுவனம் ஆட்சேபம் இல்லை என்றதால், அண்டாவை அவரிடமே கொடுக்கச் சொன்னார். மணி பதினொன்று இருபது. ஆணையின் நகலோடு நானும் அவரோடு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். கையெழுத்துகளைச் சரிபார்ப்பது என் வேலை. பொருள் வைக்கும் அறையின் கதவில் அண்டா நேராக நுழையவில்லை. இரண்டு காவலர்கள் அதைச் சாய்த்து, திருப்பி, ஒரு காதை முதலில் விட்டு, வெளியே எடுத்தார்கள். வேனின் பின் இருக்கை ஒன்றை மடக்கி ஏற்றி முடிக்கும்போது பன்னிரண்டு பத்து. அடுக்குமாடிக்குப் போய் இறக்கி வைக்க நேரமில்லை.

“ஸ்கூலுக்குப் போயிட்டு அப்படியே போறேன்க்கா. வாரேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டு பறந்தார்.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு என் கைப்பேசியில் அவர் குரல் வந்தது. பின்னால் இருபது பிள்ளைகளின் கூச்சல். யாரோ பித்தளையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, ஸ்கூல் கேட்டுலதான் நிக்கிறேன். ரெண்டு பேரு அண்டாக்குள்ள உக்காந்துட்டாங்கலா! எறங்க மாட்டேங்குறாங்க. வண்டிய எடுக்க முடியல!”